பூட் ஆகாத கணினியும் பொய் சொல்லும் ஃபர்ம்வேர் அட்டவணையும்

லினக்ஸைத் துவக்கும் கிரப் மெனு வருகிறது, லினக்ஸின் மையமான கர்னலும் ஏறுகிறது. அதன் பிறகு கருப்புத் திரை, அல்லது நாலு வரி ஓடிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ரேமைக் கழற்றிச் செருகியாயிற்று, எஸ்எஸ்டியை மாற்றியாயிற்று, வேறு லினக்ஸ் டிஸ்ட்ரோவைப் போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. விண்டோஸ் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் துவங்குகிறது. இவை எல்லாம் சேர்ந்து வந்தால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, மதர்போர்டிலேயே பதிந்துள்ள ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ அட்டவணைகளை, அதாவது வன்பொருள் விவரப் பட்டியல்களை, சந்தேகிக்கலாம்.

யுஎஸ்பி கருவியும் பிசிஐ கார்டும் கேட்டால் தாம் யார் என்று சொல்லிவிடும். மதர்போர்டில் இருக்கும் பல பாகங்களுக்கு அந்த வசதி கிடையாது. எத்தனை செயலிக் கோர்கள், டைமர் செயலியைக் கூப்பிடும் இன்டரப்ட் கம்பி எந்த முனையில் முடிகிறது, பவர் பட்டனை அழுத்தினால் எந்த ரெஜிஸ்டரில் தெரியும், பிசிஐ பிரிட்ஜுக்கு எந்த முகவரிகள் சொந்தம் என்பதையெல்லாம் ஃபர்ம்வேரான பயாஸோ யூஇஎஃப்ஐயோ நினைவகத்தில் எழுதி வைக்கிறது. கர்னல் அதை எடுத்துப் படித்து நம்புகிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ தரநிலைதான் இந்த எழுத்துக்கு வடிவம் கொடுத்தது. 2013 முதல் யூஇஎஃப்ஐ ஃபோரம் அதைப் பராமரிக்கிறது.

அட்டவணைகளைத் தேடிப் போகும் சங்கிலியின் முதல் கண்ணி ஆர்எஸ்டிபி என்ற சுட்டி. பழைய பயாஸ் கணினியில் கர்னல் முதல் மெகாபைட்டின் கடைசி 128 கிலோபைட் போன்ற சில இடங்களை 16 பைட்டுக்கு ஒருமுறை துழாவி அதைக் கண்டுபிடிக்கும். யூஇஎஃப்ஐயில் அதன் முகவரி நேராகக் கைக்கு வரும். அது எக்ஸ்எஸ்டிடியைக் காட்டும். எக்ஸ்எஸ்டிடி என்பது மற்ற அட்டவணைகளின் 64 பிட் முகவரிகள் அடங்கிய வெறும் பட்டியல். அநேகமாக ஒவ்வொரு அட்டவணைக்கும் 36 பைட் தலைப்பு உண்டு: நாலெழுத்துப் பெயர், நீளம், பதிப்பு, செக்சம், தயாரிப்பாளர் விவரம். அட்டவணையின் எல்லா பைட்டுகளையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் மீதி சுழியாக வர வேண்டும். வராவிட்டால் கர்னல் லாகிலேயே முறையிட்டுவிடும். ஆனால் பூட்டை நிறுத்தும் தவறுகள் பெரும்பாலும் செக்சத்தில் சிக்குவதில்லை. முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருக்கும் பத்திரத்தில் சர்வே எண் மட்டும் தப்பாக இருப்பது போன்றவை அவை.

அட்டவணைகளில் இரண்டு ஜாதி. எம்ஏடிடி (செயலிக் கோர்களும் இன்டரப்ட் பாதைகளும்), எஃப்ஏடிடி (பவர் பட்டன் போன்றவற்றின் ரெஜிஸ்டர்கள்), எம்சிஎஃப்ஜி (பிசிஐ முகவரிகள்) போன்றவற்றில் இருப்பது வெறும் எண்கள். டிஎஸ்டிடியும் எஸ்எஸ்டிடிகளும் அப்படியல்ல. அவற்றுக்குள் ஏஎம்எல் என்ற பைட்கோடில் எழுதிய நிரல்கள் இருக்கின்றன, கர்னலுக்குள் உள்ள இன்டர்ப்ரிட்டர் அவற்றை ஓட்டுகிறது. வன்பொருளைத் தயாரித்தவர் எழுதிய நிரல், உங்கள் கர்னலின் அதிகாரத்தோடு ஓடுகிறது என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் ஆபத்து புரியும்.

முதலில் கர்னலைப் பேச வைக்க வேண்டும்

கிரப்பில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் ‘க்வயட்’, ‘ஸ்ப்ளாஷ்’ இரண்டையும் அழித்துவிட்டு ‘இக்னோர்_லாக்லெவல்’ சேர்க்க வேண்டும். (இங்கே தமிழில் எழுதியுள்ள கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.) அப்படியும் திரை கருப்பாகவே இருந்தால், யூஇஎஃப்ஐ கணினியில் ‘இயர்லிகான்=இஎஃப்ஐஎஃப்பி’ உதவும். சீரியல் போர்ட் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. 115200 வேகத்தில் இன்னொரு கணினியில் லாகை முழுதாகப் பிடித்துவிடலாம். ‘இனிட்கால்_டீபக்’ சேர்த்தால் கர்னல் கடைசியாக எந்த ஃபங்ஷனுக்குள் போய்த் திரும்பவில்லை என்பது தெரியும். சீரியல் போர்ட் இல்லாத மடிக்கணினியில் திரையைப் போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதுதான் நடைமுறை வழி.

அடுத்தது பாதி பாதியாக முடக்கிப் பார்ப்பது. ‘ஏசிபிஐ=ஆஃப்’ போட்டுத் துவங்கினால் சந்தேகம் உறுதியாகிறது, அவ்வளவுதான். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள்; அது தப்பு. எம்ஏடிடி இல்லாமல் இன்றைய கணினி பெரும்பாலும் ஒரே கோரில் ஓடும், அணைத்தால் மின்சாரம் நிற்காது, மடிக்கணினியின் டச்பேட் காணாமல் போகலாம். அதனால் அடுத்தடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். ‘ஏசிபிஐ=நோஐஆர்க்யூ’வில் துவங்கினால் குற்றவாளி இன்டரப்ட் பாதைகளைச் சொல்லும் பகுதி. ‘நோஏபிஐசி’யிலும் துவங்கினால், இன்டரப்டுகளைச் செயலிக்கு அனுப்பும் ஐஓ-ஏபிஐசி சிப்பின் முனைகளைப் பற்றிய தகவலில் கோளாறு. ‘பிசிஐ=நோசிஆர்எஸ்’ உதவினால் பிசிஐ பிரிட்ஜுக்கு ஃபர்ம்வேர் அறிவித்த முகவரி வரம்பு தவறு. மூன்றுமே உதவாமல் ‘ஆஃப்’ மட்டும் உதவினால், ஏஎம்எல் நிரல் ஒன்று எங்கோ மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பத்து பைட்டில் ஒரு பொய்

2002-இல் அத்லான் எக்ஸ்பி செயலிகளுக்காக வந்த என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 சிப்செட், லினக்ஸ் உலகில் இதற்குப் பேர்போனது. எம்ஏடிடியில் ‘இன்டரப்ட் சோர்ஸ் ஓவர்ரைடு’ என்று ஒரு பதிவு வகை உண்டு. ஒவ்வொன்றும் சரியாக 10 பைட். டைமருக்கான பதிவைப் பத்தடிமான எண்களில் எழுதினால் இப்படி இருக்கும்:

2, 10, 0, 0, 2, 0, 0, 0, 0, 0

முதல் எண் பதிவின் வகை, இரண்டாவது நீளம், மூன்றாவது ஐஎஸ்ஏ பஸ், நான்காவது 0-ஆம் இன்டரப்ட், அதாவது டைமர். அடுத்த நான்கு பைட்டும் சேர்ந்து ‘இது ஐஓ-ஏபிஐசியின் 2-ஆம் முனைக்கு வருகிறது’ என்கின்றன. கடைசி இரண்டும் கொடிகள். சுழி என்றால் பஸ்ஸின் வழக்கமான முறை. பெரும்பாலான பிசிக்களில் இது உண்மை. என்ஃபோர்ஸ்2-வில் டைமர் இணைக்கப்பட்டிருந்தது 0-ஆம் முனையில். அந்த போர்டுகளின் பயாஸ்களில் வழக்கமான பதிவே இருந்தது.

கர்னல் 2-ஆம் முனையைத் திறந்து வைத்துவிட்டுப் பத்து டிக் (டைமர் துடிப்பு) அளவு நேரம் காத்திருக்கும். நான்குக்கு மேல் டிக் வந்திருந்தால் டைமர் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளும். இங்கே ஒன்றும் வராது. உடனே அது கைவிடாது; டைமர் ஐஓ-ஏபிஐசியில் இணைக்கப்படவில்லை என்று லாகில் எழுதிவிட்டு, பழைய இன்டரப்ட் சிப்பான 8259 வழியாக, பிறகு ‘வர்ச்சுவல் வயர்’ முறையில், கடைசியாக ‘எக்ஸ்ட்இன்ட்’ முறையில் என்று ஒவ்வொன்றாக முயலும். என்ஃபோர்ஸ்2 போர்டுகள் இந்த மாற்று வழியில் எழுந்துவிடும், ஆனால் இன்டரப்ட் பட்டியலில் டைமர் ஐஓ-ஏபிஐசிக்குப் பதில் எக்ஸ்டி-பிஐசி என்று, அதாவது அந்தப் பழைய சிப்பின் பெயரில், நிற்கும். எல்லா வழியும் அடைபட்ட கணினியில் கர்னல் பேனிக் ஆகும். ‘நோஏபிஐசி’ போட்டுப் பார் என்று அந்தச் செய்தியே சொல்லும்.

இதற்காகச் சேர்க்கப்பட்டதுதான் ‘ஏசிபிஐ_ஸ்கிப்_டைமர்_ஓவர்ரைடு’. பின்னர் கர்னலே என்விடியா போர்டைக் கண்டால் அந்தப் பதிவைத் தானாக ஒதுக்கத் தொடங்கியது. விளைவு, பதிவு சரியாக இருந்த புதிய என்விடியா போர்டுகளில் கோளாறு வந்தது! ஹெச்பிஇடி (புதுவகை டைமர்) அட்டவணை இருந்தால் பதிவை நம்பு என்ற நிபந்தனையும், ‘ஏசிபிஐ_யூஸ்_டைமர்_ஓவர்ரைடு’ என்ற எதிர்க் கட்டளையும் அப்படி வந்தவை.

இதே பதிவு வகையில் 9-ஆம் இன்டரப்டுக்கும் ஒரு வரி இருக்கும். ஏசிபிஐ நிகழ்வுகள் வரும் வழி அது. கொடி 13 என்றால் உயர்மட்ட லெவல், 15 என்றால் தாழ்மட்ட லெவல். இதை மாற்றிப் போட்டால் இன்டரப்ட் மழை கொட்டும். 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்கவில்லை என்றால் கர்னல் அந்த வழியையே மூடிவிடும். ‘ஐஆர்க்யூ 9: நோபடி கேர்டு’ என்ற புகழ்பெற்ற வரியின் பின்னணிகளில் இதுவும் ஒன்று.

நிரல் மாட்டிக்கொள்ளும்போது

விண்டோஸுக்குத் தனி இன்டர்ப்ரிட்டர். லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் இன்டெல் எழுதிய ஏசிபிஐசிஏவைப் பயன்படுத்துகின்றன. தயாரிப்பாளர் விண்டோஸில் மட்டும் சோதித்துப் பார்த்தால், அது கண்டுகொள்ளாமல் விடும் தவறுகள் அப்படியே கடைக்கு வந்துவிடும். அதனால்தான் லினக்ஸ், ‘நீ எந்த விண்டோஸ்?’ என்று ஏஎம்எல் நிரல் _ஓஎஸ்ஐ மூலம் கேட்டால், தனக்குத் தெரிந்த எல்லா விண்டோஸ் பெயருக்கும் ஆம் என்கிறது. ‘லினக்ஸா?’ என்று கேட்டால் இல்லை என்கிறது. வெட்கக்கேடுதான்; ஆனால் சோதித்துப் பார்க்கப்பட்ட பாதை அது ஒன்றுதான்.

லாகில் ‘ஏஇ_நாட்_ஃபவுண்ட்’ என்று சிவப்பு வரிகள் வரிசையாக வந்தால் பதற வேண்டாம். பல மாடல்களுக்குப் பொதுவாக எழுதிய எஸ்எஸ்டிடி, இந்த மாடலில் இல்லாத ஒரு போர்ட்டைத் தேடுகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பூட் நின்ற இடத்துக்கு முந்தைய கடைசி வரிதான் முக்கியம். முப்பது முப்பது விநாடியாக பூட் தடுமாறினால், ஏஎம்எல்லில் ஒரு ‘வைல்’ லூப் முடியாமல் சுற்றுகிறது என்று ஊகிக்கலாம். ஏசிபிஐசிஏ ஒரு லூப்பை 30 விநாடிக்கு மேல் ஓட விடாது. என்விடியா ஆப்டிமஸ் மடிக்கணினிகள் பலவற்றில் கிராஃபிக்ஸ் சிப்பை எழுப்பும் நிரல் இப்படி மாட்டியது. ‘ஏசிபிஐ_ஓஎஸ்ஐ=’ வழியாக விண்டோஸ் 7-இன் அடையாளமான ‘விண்டோஸ் 2009’ மட்டும் என்று சொன்னால், நிரல் பழைய கிளையில் போய்ப் பிழைத்துக்கொண்டது.

அட்டவணையைத் திருத்துவது

கட்டளை எதுவும் போதாவிட்டால்தான் இதில் இறங்க வேண்டும். அட்டவணைகளை எடுக்கக் கணினி ஏதோ ஒரு வகையில் துவங்கியிருக்க வேண்டும். ஏசிபிஐயை முழுதாக அணைத்திருந்தால் சிஸ் கோப்புறைக்குள் அவை தெரியாது, எனவே பாதி முடக்கம் நல்லது. ஏசிபிஐடம்ப் மூலம் எல்லாவற்றையும் எடுத்து, ஏசிபிஐஎக்ஸ்ட்ராக்ட் மூலம் பிரித்து, ஏஎம்எல் கம்பைலரான ஐஏஎஸ்எல் மூலம் மனிதர் படிக்கக்கூடிய நிரலாக மாற்ற வேண்டும். எம்ஏடிடியின் கோப்பு ஏபிஐசி என்றும், எஃப்ஏடிடியின் கோப்பு எஃப்ஏசிபி என்றும் இருக்கும். தேடிக் களைக்க வேண்டாம். டிஎஸ்டிடியைத் தனியாகப் பிரிக்காமல் எஸ்எஸ்டிடிகளையும் கூடவே கொடுங்கள், இல்லாவிட்டால் இல்லாத பிழைகள் தெரியும். எதையும் மாற்றும் முன் அப்படியே ஒருமுறை கம்பைல் செய்து பார்ப்பது அவசியம். அப்போதே பிழை வந்தால் அதில் பாதி பிரித்த கருவியின் குளறுபடியாக இருக்கலாம்.

தேவையான வரியை மட்டும் திருத்திவிட்டு, டெஃபினிஷன்பிளாக் வரியின் கடைசி எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். எண் கூடாவிட்டால் கர்னல் புதிய அட்டவணையைச் சீண்டாது. செக்சத்தை ஐஏஎஸ்எல் தானே போட்டுவிடும். கையால் பைட்டைத் திருத்துபவர்கள் 2-ஐ 0 ஆக்கினால் செக்சத்தில் 2 கூட்ட வேண்டும். வந்த கோப்பை ‘கர்னல்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ’ என்ற பாதையில் வைத்து, சுருக்காத சிபிஐஓ ஆவணமாக்கி, கிரப்பின் இனிட்ஆர்டி (கர்னலோடு ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) வரியில் அசல் இனிட்ஆர்டிக்கு முன்னால் சேர்க்க வேண்டும். சுருக்கினாலோ பின்னால் வைத்தாலோ வேலைக்காகாது. செக்யூர் பூட் இயங்கினால் பல டிஸ்ட்ரோக்களின் கர்னல் இதை அனுமதிக்காது. ஏற்கப்பட்டதா என்று லாகில் ‘டேபிள் அப்கிரேடு’ என்று தேடினால் தெரியும். கர்னல் வழக்கமான நிலையில் இல்லை என்று குறிக்கும் டெயின்ட் எண்ணிலும் 256 சேர்ந்திருக்கும்.

இந்தத் திருத்தம் நிரந்தரமல்ல. பல டிஎஸ்டிடிகளில் ஃபர்ம்வேர் ஒவ்வொரு பூட்டிலும் தன் நினைவகப் பகுதியின் முகவரியை எழுதிச் சேர்க்கிறது. ரேமைக் கூட்டினாலோ பயாஸில் ஒரு அமைப்பை மாற்றினாலோ அந்த முகவரி நகரும், உங்கள் பழைய நகலோ வேறு யாருக்கோ சொந்தமான நினைவகத்தில் எழுதும். எனவே ரேம் மாற்றும் முன்பும் பயாஸ் புதுப்பிக்கும் முன்பும் திருத்திய அட்டவணையை நீக்கிவிட்டு, பிறகு புதிதாக எடுத்துத் திருத்துவதே பாதுகாப்பு. கர்னல் குழுவுக்குப் புகார் அனுப்பும்போதும் அதை நீக்கிய நிலையில் எடுத்த முழு லாக், ஏசிபிஐடம்ப் கோப்பு, பயாஸ் பதிப்பு எண், எந்தக் கட்டளையில் துவங்கியது என்ற விவரம் நான்கும் தேவை. மாடல் பெயரை வைத்து அந்தக் கட்டளையைத் தானாகப் போடும் ஒரு வரியை அவர்கள் கர்னலில் சேர்க்க அது போதும்.