எடை குறையவில்லை என்று பயிற்சியை நிறுத்தாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை வேதாளைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா திரும்ப வந்தார். வயது 58. நான்கு மாதத்துக்கு முன் முழங்கால் வலி என்று வந்தவர், ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தார், அப்புறம் ஆளையே காணோம். இப்போது மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார். ஏம்மா நிறுத்தினீங்க என்று கேட்டால், "ஒரு கிலோகூடக் குறையல டாக்டரம்மா, அப்புறம் செஞ்சு என்னத்துக்கு?" என்கிறார். இந்த மாதம் இதே பதிலைச் சொல்லும் நான்காவது ஆள். அதனால்தான் கிளினிக்கைப் பூட்டிய கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். (ஆட்கள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊரையும் விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

அவருடைய பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார் என்று குறித்திருக்கிறேன். முதல் நாள் ஆறு, அதிலும் கடைசி இரண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு. ஆறாவது வாரம் பன்னிரண்டு. எடை அன்றைக்கும் 71, அப்புறமும் 71. "அந்த நேரத்துல பஸ்ல எப்படிம்மா ஏறினீங்க?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "கம்பியப் புடிச்சு நானாத்தான் ஏறுனேன்" என்று மகளைப் பார்த்தார். மகள், "தண்ணிக் கொடத்தையும் நீதானம்மா இடுப்புல தூக்கி வச்ச, என்னையக் கூப்புடவே இல்லையே" என்றாள். பதினைந்து லிட்டர் குடம், பதினைந்து கிலோ. முழங்கால் வலியோடு வந்த ஒருவர் தெருக்குழாயிலிருந்து அதை வீடு வரை கொண்டுபோயிருக்கிறார், அது அவருக்கு ஒரு முன்னேற்றமாகவே தெரியவில்லை. மெஷினில் 71 என்று காட்டியது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

எடை மெஷின் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எலும்பு, தசை, கொழுப்பு, ரத்தம், குடலில் கிடக்கிற நேற்றைய சோறு, கட்டியிருக்கிற சேலை, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஓர் எண். எது கூடியது, எது குறைந்தது என்று அதற்குத் தெரியாது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் கிட்டத்தட்ட அரைக் கிலோ கூடும், கொழுப்பா கூடியது? ராத்திரி கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்தால் அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காலையில் எண் ஏறி நிற்கும். வெயிலில் ஒரு நாள் முழுக்கக் கடலில் கிடந்து வந்தவருக்கு இரண்டு கிலோ இறங்கியிருக்கும், அவ்வளவும் வியர்வை. புதிதாகப் பயிற்சி ஆரம்பித்தவர்களுக்கு வலிக்கிற தசையில் நீர் தங்கி முதல் இரண்டு வாரம் எடை ஏறவும் வாய்ப்பு உண்டு. சோற்றைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு மளமளவென்று இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். உடம்பு சேமித்து வைக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் இருக்கும், சேமிப்பு தீர்ந்தால் தண்ணீரும் போய்விடும். "ஒரே வாரத்தில் மூன்று கிலோ" என்று செல்போனில் வருகிற விளம்பரம் எல்லாம் இந்தத் தண்ணீரை நம்பித்தான் ஓடுகிறது.

இதைவிட எனக்குக் கவலை, எடை குறைந்ததைக் கொண்டாடுகிறவர்களைப் பற்றித்தான். கீழக்கரையில் ஒரு லாத்தா, வயது 54. மகன் வளைகுடாவிலிருந்து எடை மெஷின் வாங்கி அனுப்பி, வாராவாரம் வீடியோ காலில் எண்ணைக் கேட்கிறான், பாசத்தில்தான். லாத்தா சோற்றைக் குறைத்தார், கொழுப்பு என்று மீனையும் முட்டையையும் நிறுத்தினார், காலையில் எலுமிச்சைத் தண்ணீர், ராத்திரி ரெண்டு பிஸ்கட். ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ. சொந்தக்காரர்கள் எல்லாம் இளைத்து அழகாகிவிட்டாய் என்றார்கள். அதே ஐந்து மாதத்தில் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிற ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் நாற்காலியில் தொழ ஆரம்பித்தார், அதை வயசு என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் குளியலறையில் கால் இடறி, உடம்பைத் தாங்கிப் பிடிக்கத் தொடையில் வலு இல்லாமல், ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகுதான் என்னிடம் வந்தார். பட்டினி கிடந்து குறைக்கிற எடையில் கொழுப்போடு தசையும் போகிறது, நாலில் ஒரு பங்கு வரைகூடப் போகும். முப்பது வயதைத் தாண்டினாலே பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை தானாகக் குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதன் மேல் நாமும் பட்டினி போட்டுக் கரைக்க வேண்டுமா?

எடை அசையாமலே வலு இறங்கிப்போவதையும் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம் என் கிளினிக்கில் முதுகுவலிக்காரர்களுக்கு உட்கார பெஞ்ச் போதாது. எல்லாரும் சொல்வது, "வெயிட்டு அப்படியேதான் இருக்கு, ஆனா வலையத் தூக்க முடியல." இரண்டு மாதம் உடம்புக்கு வேலை கொடுக்காமல் நேரே பாரத்தில் கை வைத்தால் வேறு என்ன நடக்கும்? தடைக்காலத்தின் கடைசி மூன்று வாரமாவது கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் தூக்கிப் பழகுங்கள் தம்பி என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். இந்த வருடமாவது கேளுங்கள்.

கையின் பிடிவலுவைப் பற்றி 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேர். பிடிவலு ஒவ்வொரு ஐந்து கிலோ குறைவுக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிப்பதில் ரத்த அழுத்தத்தைவிடப் பிடிவலு முன்னால் நின்றது. கையை மட்டும் பிசைந்தால் ஆயுள் கூடும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள், மொத்த உடம்பின் வலுவைக் காட்டும் அடையாளம் அது.

எடையே முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்தவருக்கு ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு இறங்குவது நல்லது. அதற்கு இடுப்பைச் சுற்றி டேப்பை வையுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதற்குள் இருந்தால் நல்லது.

சரி, வீட்டில் எதைப் பார்ப்பது? கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். செருப்பைக் கழற்றுங்கள், சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், தடுக்கி விழுந்து என்னிடம் வராதீர்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறீர்கள் என்று ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணட்டும். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே, ஆணுக்கு 14-க்குக் கீழே என்றால் வலு குறைவு. அப்புறம் தரையில் உட்கார்ந்து எழும்போது எத்தனை இடத்தில் கையை ஊன்றுகிறீர்கள் என்று பாருங்கள். அரைக் குடம் தூக்கி எத்தனை அடி நடக்க முடிகிறது, மாடிப்படியில் எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது, கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள் என்றால் பையோடு கரை ஏறும்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள், இதெல்லாம் மாதம் ஒரு முறை காலண்டரில் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எடையையும் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும், தினமும் ஏறி இறங்காதீர்கள்.

பாரம் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். மறுநாள் தசை வலித்தால் பயப்பட வேண்டாம், மூட்டு வீங்கினாலோ சுருக்கென்று குத்தினாலோ நிறுத்துங்கள். நெஞ்சுவலி உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், அண்மையில் கண்ணிலோ வயிற்றிலோ ஆபரேஷன் செய்தவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே எடை தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், சர்க்கரை, தைராய்டு, காசநோய்க்காகச் சளி மூன்றையும் பரிசோதியுங்கள். இளைத்துவிட்டான் என்று வீடே பாராட்டிய ஒரு பையனுக்குச் சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்தது.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டியில் மீனை எல்லாருக்கும் எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடுகிறீர்கள், எனக்குத் தெரியும், என் அம்மாவும் அப்படித்தான். விலை குறைந்த சூடை மீனாக இருந்தாலும் சரி, இரண்டு துண்டை முதலிலேயே உங்களுக்கு என்று எடுத்து வையுங்கள், அல்லது ஒரு முட்டை. தசை வளரப் புரதம் வேண்டும், குழம்பில் அது இல்லை.

வேதாளை அம்மா செவ்வாய்க்கிழமை எழுந்தது ஐந்து முறை. நேற்று ஆறு. இந்த முறை எண்ணிக்கையை அவர் மகள் எழுதுகிறாள், அவர்கள் வீட்டுக் காலண்டரிலேயே.