மீக்கடத்து மின்வடம்: சொல்லும் பொருளும்

குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்கப்படும்போது மின்தடையை முற்றிலும் இழந்துவிடும் பொருள் மீக்கடத்தி எனப்படும். அத்தகைய பொருளைக் கடத்தியாகக் கொண்டு, அதைக் குளிர்நிலையிலேயே வைத்திருக்கும் உறைக்குழாயுடன் சேர்த்து அமைக்கப்படும் மின்செலுத்தத் தொடரே மீக்கடத்து மின்வடம். ஆங்கில வழக்கில் சூப்பர்கண்டக்டிங் கேபிள்.

1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் ஹைக்கே கமர்லிங் ஓன்னஸ், திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வின் (ஏறத்தாழ −269 பாகை செல்சியஸ்) அருகே திடீரென மறைவதைக் கண்டார். இப்பண்புக்கு அவர் இட்ட பெயரில் இருந்த முன்னொட்டு, 'மேலே' எனப் பொருள்படும் 'சுப்ரா' என்ற இலத்தீன் சொல்லாகும். பிரெஞ்சும் ஜெர்மனும் இன்றும் அதையே ஆள, ஆங்கிலத்தில் அது 'சூப்பர்' ஆயிற்று.

தமிழில் 'மீ' என்பதற்கும் மேல், உயர்வு என்பனவே பொருள். 'மீக்கூறும் மன்னன் நிலம்' என்னும் குறளில் (386) உயர்த்திக் கூறுதல் என்ற பொருளில் வருவதும், பள்ளிக் கணக்கில் மீ.பொ.வ. என்று நாம் சுருக்கி எழுதும் மீப்பெரு பொது வகுத்தியில் இருப்பதும் இந்த 'மீ'தான். மீக்கூறும் என்பதில் போலவே மீக்கடத்தியிலும் ககரம் மிகும்; 'மீகடத்தி' என எழுதுவது பிழை. 'மிகைக்கடத்தி' என்பதும் எனக்கு உடன்பாடன்று. மிகை என்றால் செம்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கடத்துவது போலத் தோன்றும். இங்கே நிகழ்வதோ தடை அடியோடு அற்றுப்போவது.

கேபிளைக் கம்பி என்பதைவிட வடம் என்பதே பொருந்தும். கேபிள் என்ற சொல்லே கால்நடை கட்டும் கயிற்றைக் குறித்த பிற்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தேர்வடத்தின் வடமும் பல புரிகளை முறுக்கிய கயிறே. அமைப்பும் அதற்கு இசைகிறது. இன்றைய வடங்களில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள மீக்கடத்து நாடாக்கள் நடுத்தண்டின்மேல் அடுக்கடுக்காகச் சுருள்வாக்கில் சுற்றப்படுகின்றன. அவற்றின்மேல் மின்காப்புப் படலம் அமைய, இவையனைத்தையும் குளிர்திரவம் ஓடுகின்ற, வெற்றிடத்தால் காக்கப்பட்ட இரட்டைச்சுவர்க் குழாய் சூழ்ந்திருக்கும்.

இந்தக் குளிர்விப்பே நெடுங்காலம் தடையாக இருந்தது. 1980களில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் நையோபியம்–வெள்ளீயச் சேர்மத்தாலான 115 மீட்டர் வடத்தை இயக்கிச் சோதித்தது. ஆயினும் அதற்கு விலைமிக்க ஹீலியம் வேண்டியிருந்தது. 1986இல் பெட்நோர்ஸ், முல்லர் என்னும் இயற்பியலாளர்கள் செம்பு ஆக்சைடு வகை மீக்கடத்திகளைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே 90 கெல்வினுக்கு மேலும் மீக்கடத்தும் பொருள் கிடைத்தது. 77 கெல்வினில் கொதிக்கும் மலிவான திரவ நைட்ரஜனே போதும் என்றானபின்தான் வடம் ஊருக்குள் வந்தது. ஜெர்மனியின் எசன் நகரில் 2014இல் இயங்கத் தொடங்கிய ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வடம், வழக்கமாக 110 கிலோவோல்ட் வடம் செய்யும் வேலையை 10 கிலோவோல்ட்டிலேயே செய்து 40 மெகாவாட் வரை கொண்டுசெல்லும் திறன் பெற்றிருந்தது. நெருக்கடியான நகர மையத்தில் உயர் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பெரிய மின்மாற்றிக்குரிய இடமே இதனால் மிச்சமாகும்.

இவ்வகைப் பொருள்களை 'உயர் வெப்பநிலை மீக்கடத்தி' என்பர். அந்த 'உயர்' ஹீலியக் குளிரோடு ஒப்பிட்டுச் சொன்னது. திரவ நைட்ரஜனின் வெப்பநிலை −196 பாகை செல்சியஸ். 'இழப்பில்லா மின்வடம்' என்ற பெயர் இன்னும் கவனத்துக்குரியது. தடை சுழியாவது ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டத்தில்தான். திசை மாறி மாறிப் பாயும் மாறுமின்னோட்டத்தில் மீக்கடத்தியிலும் சிறிது இழப்பு உண்டு. இருவகையிலும் குளிர்விக்கும் இயந்திரம் மின்சாரத்தை இடைவிடாது உண்கிறது. ஆதலால் 'இழப்பு குறைந்த' என்றே எழுதவேண்டும்.