‘கிஃப்ட்’ என்று எழுதிவிட்டால் வரி இல்லையா? யார் சொன்னது?

‘கிஃப்ட்’ என்று எழுதியும் வரி கேட்கிறார்களே என்று வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சள் போடுகிற ஒருவர் கோயமுத்தூரில் என் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார். பையன் சேலம் காமலாபுரத்தில் பைலட்டுக்குப் படிக்கிறான். அமெரிக்காவில் இருக்கும் ஒரம்பரை ஒருத்தர் ஆசையாக நல்ல ஏவியேஷன் ஹெட்செட் (விமானம் ஓட்டும்போது காதில் மாட்டிப் பேசும் கருவி) வாங்கி, ‘கிஃப்ட், 50 டாலர்’ என்று எழுதிக் கூரியரில் அனுப்பிவிட்டார். பெட்டி கஸ்டம்ஸில் நிற்கிறது. “ஏனுங்க, பையன் படிக்கறதுக்குத்தானுங்களே வாங்குனது, இதுக்குமா வரி போடுவாங்க?” என்று கேட்டார். ஆமாங்க, போடுவாங்க.

நான் கஸ்டம்ஸ் புரோக்கர், இறக்குமதிச் சாமானைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தருகிறவன். திருப்பூர்க் கம்பெனிகளுக்கு மெஷின் கிளியரன்ஸ் செய்வதுதான் என் முக்கியமான பிழைப்பு. ஒற்றைப் பெட்டி ஹெட்செட்டில் எனக்கு டீச்செலவு கூட மிஞ்சாது, அதனால் ஆள் பிடிப்பதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் ‘கிஃப்ட்’ கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரைக்கும் அன்பளிப்புக்கு வரிவிலக்கு இருந்தது உண்மை. அதை வைத்துக்கொண்டு ஆன்லைன் கடைகள் எல்லாமே ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தன, 2019 டிசம்பர் 12 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அந்தக் கதவை மூடிவிட்டது. இப்போது அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் வரக்கூடியவை இரண்டுதான், உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும். ஹெட்செட்டைக் கையில் கட்ட முடியாது. முழு வரியையும் கட்டுகிறேன் என்றால் அன்பளிப்பாகத் தாராளமாக வரலாம், அதற்குத் தடை இல்லை. ஆக ‘கிஃப்ட்’ என்ற சொல்லுக்கு ஒரு ரூபாய் கூடக் குறையாது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான், லண்டனில் இருக்கும் சித்தி, யார் அனுப்பினாலும் இதுதான். பத்து வருசத்துக்கு முன்னால் வாங்கியவர் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடுத்தது அந்த 50 டாலர். துண்டுக்குள் கைவிட்டு விலை பேச இது மாட்டுச்சந்தை இல்லை. மாடல் பெயர் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, அதிகாரி போனை எடுத்துத் தட்டினால் விலை வந்துவிடும். விலையைக் குறைத்துக் காட்டியது தெரிந்தால் சுங்கச் சட்டம் 111-ஆம் பிரிவில் பொருளைப் பறிமுதல் செய்யலாம், 112-இல் அபராதம், 125-இல் பொருளை மீட்டுக்கொள்ளத் தண்டத்தொகை. இத்தனையும் வரிக்கு மேலே. கோபிக்காரருக்கு நடந்ததும் இதுதான். எழுதியது ஒரம்பரை, கட்டியது இவர்.

கணக்கிலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அடிப்படை வரி 10, ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி) 18, ஆக 28 சதவீதம் என்று கூட்டிவிட்டு வருகிறார்கள். வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், வாங்கும் அன்றைக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது கணக்குப் போடும் முறையை. பொருள் ஒரு லட்சம், விமானக் கூலி 5,000 என்று வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ் பில் இல்லாவிட்டால் பொருள் விலையில் 1.125 சதவீதம், அதாவது 1,125 சேர்ப்பார்கள். ஆக, வரி போடும் மதிப்பு 1,06,125. அதில் 10 சதவீதம் 10,612. அந்த வரியின் மேல் சமூக நல சர்சார்ஜ் 10 சதவீதம், 1,061. இது எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகையின் மேல்தான் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, 21,204. மொத்தம் 32,877. நீங்கள் மனசில் வைத்திருந்தது 28,000. இதுபோக, வரியை உங்களுக்காக முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர்காரர் தனியாக ஒரு கட்டணமும் ஜிஎஸ்டியும் போடுவார், அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

“விமான பாகத்துக்கு 5 சதவீதம்தானே” என்று ஒரு தம்பி செய்தித் துணுக்கோடு வந்தான். 2024 ஜூலையில் வந்த அந்த ஐஜிஎஸ்டி சலுகை விமானத்தில் பொருத்துகிற பாகங்களுக்கும் பராமரிப்புக் கருவிகளுக்கும், அதுவும் நிபந்தனையோடு. உன் காதில் மாட்டுவது விமான பாகம் இல்லை கண்ணு.

வரி கட்டினாலும் வராத சாமான்களும் உண்டு. விமானிகள் பேசும் அலைவரிசையில் இயங்கும், கையில் பிடிக்கும் ஏர்பேண்ட் ரேடியோவுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு உரிமம் வேண்டும். சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவியை அனுமதியில்லாமல் பையில் வைத்திருந்ததற்காகவே விமான நிலையத்தில் மாட்டிக் கைதானவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டு இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ போட்டுக் கழித்த ஹெட்செட்டை வரவழைக்காதீர்கள், பழைய பொருள் இறக்குமதிக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது.

தெரிந்தவர் ஊருக்கு வரும்போது கொண்டுவருவது நேர்மையான வழிதான். 2016 பயணச்சுமை விதிகளில் 50,000 ரூபாய் வரை வரியில்லை என்று இருந்தது, 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளில் அது 75,000. ஆனால் கணவன் பங்கையும் மனைவி பங்கையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் கழிக்க முடியாது.

சரி, வாங்கியே தீர வேண்டும் என்றால் உண்மையான விலையோடு இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, ஆதார் மூன்றையும் பெட்டி கிளம்புவதற்கு முன்பே கூரியர்காரரிடம் கொடுத்துவிடுங்கள். “பார்சல் மாட்டிக்கிச்சு, இந்த யுபிஐ-க்குப் பணம் போடுங்க” என்று போன் வந்தால் வையுங்கள் போனை, கஸ்டம்ஸ் அப்படி வசூலிப்பதில்லை.

பயிற்சிக்கு வெளிநாடு போகும் பிள்ளைகள் விலையுள்ள சாமானை எடுத்துப் போனால், கிளம்பும்போதே கஸ்டம்ஸ் மேசையில் சீரியல் நம்பரோடு எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிவிடுங்கள், திரும்பி வரும்போது கேள்வி வராது. வாரண்டி ரிப்பேருக்கு வெளிநாடு அனுப்பினாலும் இதே போல முறையான ஏற்றுமதிக் காகிதத்தோடு அனுப்பினால், திரும்பி வரும்போது ரிப்பேர் செலவுக்கும் போக்குவரத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் மட்டும் வரி கட்டினால் போதும். சும்மா தபாலில் போட்டு அனுப்பினால் அது மறுபடியும் புதுச் சாமான்தான், முழு வரி. கோபிக்காரரிடம் பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது சுங்கத்தில் தாக்கல் செய்த இறக்குமதிக் காகிதத்தை, லேமினேட் செய்து பையன் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். என்றைக்காவது அந்த ஹெட்செட் மைக் கெட்டுப்போனால் நான் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.