பித்தளை உடம்பு, நாணல் நாக்கு

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் தேர் வரும் இரவு. பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று நிறுத்தினார். வாய் வைத்து ஊதும் முனையில் இருந்த பிடியைத் தளர்த்தி, விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய சீவலை உருவினார். டியூப்லைட் பக்கம் தூக்கிப் பார்த்தார். நுனியில் முடி மாதிரி ஒரு கீறல். சட்டைப் பையில் இருந்து வேறொன்றை எடுத்து, நாக்கில் வைத்து ஊறவைத்தபடியே சொன்னார்: "ரீடு கீறிட்டு மக்கா. இனி ஊதினா காத்துதான் வரும்."

அவர் தோளில் தொங்கியது கிலோக்கணக்கில் பித்தளை. நின்றுபோனதோ காகிதக் கனத்தில் நுனி சீவிய ஒரு நாணல் துண்டால். சாக்ஸபோனை எந்த வகையில் சேர்ப்பது என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது.

உடம்பைப் பார்த்தால் அது உலோகக் கருவிதான். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, நம் வீட்டுக் குத்துவிளக்கின் உலோகம். ஒரு மில்லிமீட்டர்கூட கனம் இல்லாத தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்து, மேலே ஒடுங்கிக் கீழே விரியும் கூம்பாக்கி வளைக்கிறார்கள். அந்தக் கூம்பில் 20-க்கும் மேற்பட்ட துளைகள். கீழே போகப் போக, விரலால் மூட முடியாத அளவுக்கு அவை பெரிதாகின்றன. அதனால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி, அதை இயக்கத் தண்டும் எஃகு ஸ்பிரிங்கும். மூடிக்குள் கம்பளித் துணி, அதன்மேல் தோல் போர்த்திய மெத்தை. கழுத்தில் தக்கை. வாய்முனை பெரும்பாலும் எபோனைட், அதாவது கெட்டிப்படுத்திய ரப்பர். ரீடு பெருநாணல் வகையைச் சேர்ந்தது. பிரான்சின் தெற்கே மத்தியதரைக் கடலோரம் விளையும் நாணலுக்கு வாசிப்பவர்களிடம் தனி மதிப்பு உண்டு.

இத்தனை பித்தளை இருந்தும் மேற்கத்திய இசையில் இது மரக்காற்றுக் கருவி. புல்லாங்குழல், கிளாரினெட் வரிசையில் உட்காரும். டிரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. சாக்ஸபோனில் அதிர்வது ரீடு. அந்த ஒரு வித்தியாசம்தான் இரண்டையும் பிரிக்கிறது. 'மரம்' என்ற பெயர்தான் குழப்பம். நம் பழைய பகுப்பில் அந்தக் குழப்பமே இல்லை. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி (தாளம் போன்றவை), மிடற்றுக்கருவி (குரல்) என்று பிரித்தவர்கள், காற்றுக் கருவிகளை மரமா பித்தளையா என்று பார்த்துப் பிரிக்கவில்லை. சாக்ஸபோன் துளைக்கருவி, அவ்வளவுதான்.

உலகம் இன்று பயன்படுத்தும் பகுப்புக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. வங்காளத்தின் சௌரீந்திர மோகன் தாகூர் 1876-இல் பெல்ஜிய அரசருக்கு இந்திய வாத்தியங்களை அன்பளிப்பாக அனுப்பினார். அவை சேர்ந்த பிரசெல்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மஹியோன், தந்தி, துளை, தோல், கனம் (தாளம்போல உடம்பே அதிர்ந்து ஒலிப்பவை) என்ற இந்திய நால்வகைப் பிரிவைப் பார்த்து, 1880-இல் தம் பட்டியலை அந்த வழியில் அமைத்தார். 1914-இல் இசை ஆய்வாளர்கள் ஹோர்ன்போஸ்டலும் சாக்ஸும் அதை விரிவாக்கினார்கள். (இந்த சாக்ஸ் வேறு. கருவியைச் செய்த அடோல்ஃப் சாக்ஸ் பெல்ஜியத்தில் பிறந்தவர், பாரிசில் 1846-இல் காப்புரிமை வாங்கியவர்.) அவர்கள் கணக்கில் சாக்ஸபோன், கூம்புக் குழலும் ஒற்றை ரீடும் கொண்ட காற்றுக் கருவி. அதே கூம்புக்கு இரட்டை ரீடு வைத்தால்? நம் நாகஸ்வரம். சீவாளியில் இரண்டு நாணல் இதழ்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சாக்ஸபோனில் ஒரே இதழ் வாய்முனையின் விளிம்பில் மோதுகிறது. ஒன்று ஆச்சா மரம், ஒன்று பித்தளை. ஆனாலும் நெருங்கிய சொந்தம்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ஊதும்போது ரீடு மூடி மூடித் திறந்து, காற்றைத் துண்டு துண்டாக உள்ளே விடுகிறது. ஒவ்வொரு துண்டும் ஓர் அழுத்த அலையாகக் குழலில் ஓடி, முதலில் திறந்திருக்கும் துளைகள் பக்கம் போய் எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்பி வரும் அலைதான் ரீடு எப்போது திறக்கவேண்டும் என்று முடிவு செய்கிறது. மேலே உள்ள துளையைத் திறந்தால் அலை சீக்கிரம் திரும்பும், சுருதி ஏறும். நொடிக்கு 440 முறை திறந்து மூடினால், இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கும் அந்த ஸ்வரம் கேட்கும்.

கூம்பு வடிவத்தின் அருமை இன்னொரு இடத்தில் தெரியும். கட்டைவிரல் சாவியை அழுத்தினால், மற்ற விரல்களை மாற்றாமலே சட்ஜமம் மேல் சட்ஜமத்துக்குப் போகும். கிளாரினெட் ஒரே அகலமுள்ள குழல். அதில் அதே வேலையைச் செய்தால் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவும். வடிவம்தான் காரணம், மரமோ பித்தளையோ அல்ல. 1950-களில் இங்கிலாந்தில் பிளாஸ்டிக் சாக்ஸபோனே செய்தார்கள். 1953-இல் டொரண்டோ கச்சேரியில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்தது அதைத்தான். வெள்ளிப் பூச்சு, செம்பு அதிகமுள்ள பித்தளை என்று வாசிப்பவர்கள் வாதிடுவது உண்டு. ரீடும் வாய்முனையும் மாறினால் வரும் வித்தியாசத்துக்கு முன்னால் அதெல்லாம் சிறியது என்பது என் எண்ணம்.

அளவை வைத்துச் சொன்னால் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் நான்கும் அதிகம் புழங்குபவை. நாகஸ்வரத்தில் குட்டையான திமிரியும் நீளமான பாரியும் மாதிரி, குழல் நீள நீளச் சுருதி இறங்கும். விரல் வைப்பு எல்லாவற்றிலும் ஒன்றே. ஆனால் 'சி' விரல் வைத்து ஊதினால் ஆல்டோவிலும் பாரிடோனிலும் கேட்பது இரண்டரைக் கட்டை, சோப்ரானோவிலும் டெனரிலும் ஆறரைக் கட்டை.

சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்துப் பேர் பெற்ற கதிரி கோபால்நாத் வாசித்தது ஆல்டோ. நாகஸ்வரக்காரரின் மகன் அவர். நாகஸ்வரத்தில் துளையைப் பாதி மூடிக் கமகம் கொடுக்கலாம். சாக்ஸபோன் மூடிக்குப் பாதி என்று ஒன்று கிடையாது. அந்த அசைவை உதட்டின் அழுத்தத்திலும் மூச்சிலும் கொண்டுவந்தார். சாக்ஸபோனில் தோடி கேட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை இரண்டு பருவத்திலும் உண்டு, கூடவே உப்புக்காற்று. தோல் மெத்தை ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். பித்தளையில் துத்தநாகம் அரித்துப்போன இடம் சிவந்து புள்ளியாக நிற்கும். பேண்டுக்கார அண்ணன் திருவிழா முடிந்ததும் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, கயிற்றில் கட்டிய சின்ன பல்பைக் குழலுக்குள் இறக்குவார். ஒவ்வொரு மூடியாக அழுத்திப் பார்ப்பார். அன்று கீழிருந்து மூன்றாவது மூடியின் ஓரத்தில் நகக்கீற்று போல ஒளி கசிந்தது.

"இந்தா இருக்கு பாரு," என்றவர், மெத்தையைச் சூடாக்கத் தீப்பெட்டியைத் தேடினார்.