காட்டுப்பள்ளியில் ஒரு கப்பல், அம்பாந்தோட்டையில் ஒரு கப்பல்

2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலுள்ள எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு ‘சார்லஸ் ட்ரூ’ என்ற அமெரிக்கக் கடற்படைச் சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. 11 நாள் வேலை. அது முடிவதற்குள், ஆகஸ்ட் 16-ஆம் தேதி, ராக்கெட்டுகளையும் செயற்கைக்கோள்களையும் பின்தொடரும் பெரிய ஆன்டெனாக்களோடு சீனாவின் ‘யுவான் வாங் 5’ இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. இரண்டுக்கும் இடையே சுமார் 800 கிலோமீட்டர்.

கூட்டணி என்றால் நமக்குத் தேர்தல்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒரே மேடையில் கைகோத்து நிற்பார்கள். அடுத்த தேர்தலுக்கான கணக்கும் அதே மேடையில் ஓடிக்கொண்டிருக்கும். வல்லரசுகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளும் ஏறக்குறைய அப்படித்தான். என்ன, இங்கே பேரம் தொகுதிகளுக்காக நடப்பதில்லை. கப்பல் டீசலுக்கும், ரகசியக் குறியீட்டுச் சாவிக்கும், கடல்நீரின் வெப்பநிலைக் கணக்குக்கும் நடக்கிறது.

1949-இல் உருவான நேட்டோவில் ‘ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல்’ என்ற 5-ஆம் பிரிவு உண்டு. இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த குவாட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. அமெரிக்காவுக்கு ஜப்பானோடும் ஆஸ்திரேலியாவோடும் தனித்தனிப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் உண்டு, இந்தியாவோடு இல்லை. இந்தியா-அமெரிக்க ஒத்துழைப்பைத் தாங்கி நிற்பவை மூன்று சிறிய ஒப்பந்தங்கள்: 2016-இல் எரிபொருளும் தளவாடமும், 2018-இல் தகவல் தொடர்பு, 2020-இல் வரைபடமும் புவித் தரவும்.

எரிபொருள் கேட்பதற்கு எளிது. நடுக்கடலில் நிரப்புவது எளிதல்ல. இரண்டு கப்பல்களும் 30 முதல் 50 மீட்டர் இடைவெளியில், 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) வேகத்தையொட்டி, இணையாக ஓட வேண்டும். முதலில் துப்பாக்கியால் மெல்லிய கயிற்றைச் சுடுவார்கள். அதன் முனையில் தடித்த கயிறு, அதன் பின் எஃகு வடம், அந்த வடத்தில் தொங்கிக்கொண்டு எண்ணெய்க் குழாய். இரு கப்பல்களின் நடுவே ஓடும் தண்ணீர் வேகம் பிடிப்பதால் அங்கே அழுத்தம் குறைந்து, ஒன்றை ஒன்று இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் சில நொடி அசந்தால் மோதல்தான். குழாய் முனை எதிர்க் கப்பலின் வாயில் பொருந்தவும் வேண்டும். அது பொருந்தினாலும் எண்ணெய் பொருந்த வேண்டுமே! நம் பங்க்குகளில் விற்கும் டீசலின் தீப்பற்று வெப்பநிலைக்கு, அதாவது அதன் ஆவி தீப்பொறியில் பற்றிக்கொள்ளும் சூட்டுக்கு, குறைந்தபட்ச வரம்பு 35 டிகிரி செல்சியஸ். எஞ்சின் அறையை ஒட்டி எண்ணெய்த் தொட்டி இருக்கும் கப்பலில் அது ஆபத்து; அங்கே 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. 2020 ஜனவரியில் இந்தியக் கடற்படையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து, வெளிநாட்டுக் கடற்படைகளின் தரத்துக்கு ஈடான புதிய கப்பல் டீசலை அறிமுகப்படுத்தின. 2016-இல் போட்ட கையெழுத்து குழாய் வழியே ஓடுவதற்கு இப்படிப்பட்ட வேலைகள் தேவைப்பட்டன.

அடுத்தது சாவி, அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசியக் குறியீடு. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம் இருக்கிறது. நீர்மூழ்கிகளைத் தேட அங்கிருந்து பறந்தவை சோவியத் தயாரிப்பான டியூ-142 விமானங்கள். 2017 மார்ச்சில் அவை ஓய்வு பெற்றன. 2013-லிருந்தே அதே ஓடுபாதையில் அமெரிக்கத் தயாரிப்பான பி-8ஐ இறங்கத் தொடங்கியிருந்தது. ஆயுதச் சந்தையில் இரு வல்லரசுகளின் போட்டியைப் பார்க்க வேண்டுமானால் இந்த ஒரு தளம் போதும்.

ஆனால் 2018 வரை பி-8ஐ விமானங்களில் அமெரிக்காவின் உயர்தர மறைகுறியீட்டுக் கருவிகள் இல்லை. அந்த இடத்தில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த தரவு இணைப்பு பொருத்தப்பட்டது. அதனால் என்ன குறை? விமானம் ஒரு நீர்மூழ்கியின் தடயத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறியீட்டு இணைப்பு இருந்தால் அந்தப் புள்ளி நட்பு நாட்டுக் கப்பலின் திரையில் உடனே தோன்றும். இல்லாவிட்டால் அட்சரேகை, தீர்க்கரேகையை ரேடியோவில் வாயால் சொல்லி, அங்கே ஒருவர் கேட்டு எழுதிக் குறிக்க வேண்டும். இதற்கு 10 நிமிடம் ஆனால், வெறும் 6 நாட் வேகத்தில் ஊர்ந்து போகும் நீர்மூழ்கிகூட 1.8 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். எந்தத் திசையில் என்பதும் தெரியாது. பிடித்த தடயம் கைநழுவியதுதான் மிச்சம்.

சாவி கிடைத்தால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அங்கேதான் போட்டி தொடங்குகிறது. குறியீட்டுச் சாவிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். பழைய சாவியோடு இருப்பவர் வலையமைப்புக்கு வெளியே நிற்பார். சாவியைத் தருபவர் கையில்தான் பூட்டும் இருக்கிறது. 2018 செப்டம்பர் 6-இல் தகவல் தொடர்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இந்தியா, ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் அக்டோபர் 5-இல் ரஷ்யாவிடம் எஸ்-400 வான்காப்பு ஏவுகணை அமைப்பை வாங்க ஒப்பந்தம் போட்டது. அதே எஸ்-400-ஐ வாங்கியதற்காகத்தான் நேட்டோ உறுப்பு நாடான துருக்கி 2019-இல் எஃப்-35 விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. காரணம் வெறும் கோபமல்ல. ரஷ்ய ரேடாருக்கு முன்னால் எஃப்-35 நாள்தோறும் பறந்தால், எந்தக் கோணத்தில் எவ்வளவு எதிரொலி வருகிறது என்ற பட்டியலை அந்த ரேடார் சேர்த்துவிடும். ரேடாருக்குத் தென்படாத விமானம் என்ற பெருமை அந்தப் பட்டியலோடு போய்விடும்.

எல்லாவற்றையும்விட ஆழமான போட்டி தண்ணீருக்குள் நடக்கிறது. உப்புநீரில் ரேடியோ அலை அதிக ஆழம் ஊடுருவாது. ஒலிதான் முக்கிய வழி. அது நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். வெப்பம், உப்பு, ஆழம் ஆகிய மூன்றும் கூடினால் வேகமும் கூடும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கம் வளையும். மேலே வெதுவெதுப்பாகவும் கீழே குளிர்ந்தும் இருக்கும் கடலில், கப்பலின் சோனார் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி) அனுப்பும் ஒலி கீழ்நோக்கி வளைந்து போய்விடும். அது எட்டாத நிழற்பகுதி ஒன்று உருவாகும். நீர்மூழ்கித் தளபதி தேடுவது அந்த நிழலைத்தான்.

வங்கக்கடலில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், பாரம் குறைவு என்பதால் மேலே போர்வைபோல் மிதக்கிறது. குளிர்காலத்தில் வடக்குப் பகுதியில் அந்தப் போர்வை தனக்குக் கீழே உள்ள நீரைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது ஒலி மேலடுக்கிலேயே சிக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். கோடையில் பொருந்திய கணிப்பு மார்கழியில் பொருந்தாது. எனவே மாதவாரியாக, இடவாரியாகப் பல ஆண்டு அளவீடு வைத்திருப்பவர் கையே ஓங்கும்.

இந்த அளவீட்டில் பெரும்பகுதி ரகசியமும் அல்ல என்பதுதான் வேடிக்கை. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆர்கோ திட்டத்தின் மிதவைகள் 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து வெப்பமும் உப்பும் அளந்தபடி மேலே வந்து தரவை அனுப்புகின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் வங்கக்கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது. புயல் எச்சரிக்கைக்கு அவை உதவும். ஆனால் ஆர்கோ மிதவைகளுக்கு இடையே திட்டமிட்ட இடைவெளி சுமார் 300 கிலோமீட்டர். நீர்மூழ்கிக்கு வேண்டியது அதைவிடப் பல மடங்கு நெருக்கமான வலை. திறந்த அறிவியல் முடிந்து ஆய்வுக் கப்பல்களின் ஓட்டம் தொடங்குவது அந்த இடைவெளியில்தான்.

2020 ஒப்பந்தத்தில் ஈர்ப்புவிசைத் தரவும் சேர்ந்ததற்கு இங்கேயே ஒரு காரணம் கிடைக்கிறது. உலகத்திலேயே ஈர்ப்பு விசைப் பள்ளம் மிக ஆழமாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே. அங்கே கடல்மட்டம் பூமியின் சீரான கணித வடிவத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. தொலைதூர ஏவுகணையின் கணினி இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் குறி தவறும்.

இவையெல்லாம் ஒன்றுசேரும் இடம் மலபார் என்ற கூட்டுக் கடற்படைப் பயிற்சி. 1992-இல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கியது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் நின்று, 2002-இல் மீண்டது. 2007-இல் ஐந்து நாடுகள் வங்கக்கடலில் சேர்ந்தபோது சீனா எதிர்ப்புத் தெரிவித்தது. அதன் பின் விலகிக்கொண்ட ஆஸ்திரேலியா மறுபடி வர 2020 ஆனது. 2017 ஜூலையில் சென்னையை ஒட்டிய கடலில், ரஷ்யாவிடம் வாங்கிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யாவும் அமெரிக்காவின் விமானந்தாங்கி நிமிட்ஸும் ஜப்பானின் ஹெலிகாப்டர் தாங்கி இசுமோவும் அருகருகே ஓடின. பூட்டானை ஒட்டிய டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றுகொண்டிருந்த நேரம் அது. அதற்கு முந்தைய மாதம்தான் இந்தியா, சீனாவும் ரஷ்யாவும் உள்ள ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் முழு உறுப்பினராகியிருந்தது. பாகிஸ்தானும் கூடவே.

இத்தகைய பயிற்சியில் யாரும் முழுக் கையைக் காட்டுவதில்லை. போர்க்காலத்துக்கென்று வைத்திருக்கும் ரேடார் அலைவரிசைகளை இயக்க மாட்டார்கள். நீர்மூழ்கியின் உண்மையான அமைதி எவ்வளவு என்பது வெளியே தெரியாதபடி வேண்டுமென்றே சத்தம் கூட்டுவதும் உண்டு. பக்கத்தில் ஓடும் நண்பனின் சோனார் பதிவில் அந்த ஒலி நிரந்தரமாகத் தங்கிவிடும் அல்லவா!

காட்டுப்பள்ளிக்கு 2023 மார்ச்சில் ‘மேத்யூ பெரி’ வந்தது. ஜூலையில் எல் அண்ட் டி-யோடு அமெரிக்கக் கடற்படை ஐந்தாண்டுப் பழுதுபார்ப்பு ஒப்பந்தம் செய்தது. காட்டுப்பள்ளிக்கு வந்ததாகச் சொன்ன இரண்டு அமெரிக்கக் கப்பல்களுமே சிவிலியன் மாலுமிகள் ஓட்டும் துணைக் கப்பல்கள், நேரடிப் போர்க்கப்பல்கள் அல்ல. அந்த அக்டோபரில் சீனாவின் ‘ஷி யான் 6’ ஆய்வுக் கப்பல் கொழும்புக்கு வந்தது. இரண்டு பக்க அழுத்தத்தையும் பார்த்த இலங்கை, 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு எந்த நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் தன் கடலில் அனுமதி இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது.