கம்ப்யூட்டட் ஸ்டைல்: கணிச்சதா, தேறினதா?

பிரவுசர்ல ஒரு வெப் பேஜ்ல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் குடுத்து ஒரு எலிமென்ட்டை (தலைப்பு, பத்தி, பெட்டி மாதிரி ஒரு துண்டை) செலக்ட் பண்ணா, குரோம்ல ஸ்டைல்ஸுக்கு பக்கத்துல, ஃபயர்பாக்ஸ்ல ரூல்ஸுக்கு பக்கத்துல, கம்ப்யூட்டட்னு ஒரு டேப் இருக்கும்ல, அதுதான் இன்னைக்கு எடுத்துக்கிட்ட சொல். அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா பாதிப்பேரு "எல்லா ரூலும் மோதி முடிஞ்சு கடைசியா எலிமென்ட்டுக்கு கிடைச்ச வேல்யூ"ன்னு சொல்வாங்க, சிஎஸ்எஸ் (பேஜோட தோற்றத்துக்கு ரூல் எழுதற மொழி) ஸ்பெக், அதாவது அதோட விதிமுறை ஆவணம், படிச்ச ஆளுகிட்ட கேட்டீங்கன்னா "இல்லீங்க, அது கடைசி இல்ல, நடுவுல வர்ற ஒரு கட்டம்"னு சொல்வாரு. ரெண்டு பேரு சொல்றதும் சரிதான். ஒரே பேருக்குள்ள ரெண்டு அர்த்தம் குடித்தனம் நடத்துது, அது எப்படி ஆச்சுங்கிறதுதான் கதை.

முதல்ல சொல்லைப் பிரிச்சுடுவோம். கம்ப்யூட்ங்கிறது லத்தீன் கம்புட்டாரேல இருந்து வந்தது, கம்னா சேர்த்து, புட்டாரேன்னா கணக்கு பாக்கறது, எண்ணிப் பாக்கறது. கணக்கைக் குறிக்கிற இங்கிலீஷ் கவுன்ட்டும் இதே வேர்தான், பிரெஞ்சு வழியா சுத்தி வந்ததால தேஞ்சுபோச்சு. புட்டாரேக்கு இன்னொரு பழைய அர்த்தம் செடி கொடியக் கழிச்சு விடறது, நம்ம பேச்சுலயும் கிளையக் கழிப்போம் கணக்குலயும் கழிப்போம், இது தற்செயல்தான், வேர்ச்சொல் ஆராய்ச்சின்னு யாரும் கிளம்பிடாதீங்க. ஸ்டைல் வந்தது ஸ்டிலஸ்ல இருந்து, மெழுகுப் பலகையில எழுதற கூரான குச்சி, அதாவது நம்ம எழுத்தாணி. எழுதற கருவியோட பேரு எழுதற விதத்துக்கு ஆகி, அப்புறம் எல்லா விதத்துக்கும் ஆகிடுச்சு. தமிழ்ல இதுக்கு நடைங்கிறோம், பாணிங்கிறோம், சிஎஸ்எஸ்ஸையே விழுத்தொடர் பாணித் தாள்னு எழுதறவங்களும் இருக்காங்க, வாயில நுழையுதான்னு நீங்களே சொல்லிப் பாத்துக்கோங்க.

இப்ப கதைக்கு வருவோம். ஹோகன் வியம் லீ 1994 அக்டோபர்ல செர்ன்ல இருந்தப்ப சிஎஸ்எஸ் யோசனைய வெளியிட்டாரு, பெர்ட் பாஸ் கூட சேர்ந்தாரு, 1996 டிசம்பர்ல முதல் பதிப்பு, வெப் தரங்கள வகுக்கிற டபிள்யூ3சி அமைப்போட பரிந்துரையா வந்துச்சு. 1998 மே மாசம் வந்த சிஎஸ்எஸ் 2லதான் ஒரு வேல்யூ எழுதினதுல இருந்து திரைக்கு வர்ற வரைக்கும் மூணு கட்டம் தாண்டுதுன்னு பேரு வச்சு பிரிச்சாங்க: ஸ்பெசிஃபைடு (ரூல் மோதல்ல ஜெயிச்சது), கம்ப்யூட்டட், ஆக்சுவல் (கடைசியா திரைக்கு வர்றது). அப்ப கம்ப்யூட்டட்னா, எதை வச்சாவது சொல்லியிருக்கிற அளவையெல்லாம் சொந்தக்கால்ல நிக்கிற அளவா மாத்தறது, அதுல சதவீதத்தையும் பெருக்கி முடிச்சிடணும். 800 பிக்சல் பெட்டிக்குள்ள விட்த் (அகலம்) 50%னு எழுதியிருந்தா அன்னைய கணக்குப்படி கம்ப்யூட்டட் 400 பிக்சல். இதுல ஒரு குழப்பமும் இல்ல.

2000 நவம்பர்ல டாம் லெவல் 2 ஸ்டைல்னு இன்னொரு ஸ்பெக் வந்துச்சு (டாம்னா ஸ்கிரிப்ட் பேஜைத் தொட்டுப் பாக்கற வழி), அதுலதான் ஜாவாஸ்கிரிப்ட்ல நாம இன்னைக்கும் எழுதற கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் ஃபங்ஷன் பொறந்தது. அன்னைக்கு இருந்த அர்த்தத்துக்கு அந்தப் பேரு கச்சிதமா பொருந்துச்சு, விட்த் கேட்டா பிக்சல்ல பதில் வரும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரைக்கும் இது கிடையாது, அங்க கரன்ட்ஸ்டைல்னு வேற ஒண்ணு, அது எழுதினத அப்படியே 50%ன்னோ ஆட்டோன்னோ திருப்பிக் குடுத்துடும், அத வச்சு ஒரு பெட்டிய நகர்த்தி அனிமேஷன் பண்ணணும்னா தலையப் பிச்சுக்கணும். 2011ல வந்த ஒன்பதாவது பதிப்புலதான் அவங்களும் வழிக்கு வந்தாங்க.

ஆனா அதுக்குள்ள ஸ்பெக் எழுதறவங்க சொல்லோட அர்த்தத்தையே மாத்திட்டாங்க. சதவீதத்த பெருக்கணும்னா அப்பா பெட்டியோட அகலம் தெரியணும், அது தெரியணும்னா பக்கத்தையே அடுக்கிப் பாக்கணும், அதாவது லேஅவுட் ஓடணும். அதுக்கு முன்னாடியே ஒரு எலிமென்ட்டுல இருந்து அதோட பிள்ளைக்கு (அதுக்குள்ள இருக்கிற எலிமென்ட்டுக்கு) வேல்யூவ கடத்தியாகணும், இன்ஹெரிட்டன்ஸுங்கறது லேஅவுட்டுக்காக காத்துக்கிட்டு இருக்க முடியாது. அதனால சிஎஸ்எஸ் 2.1ல கட்டத்த ரெண்டா உடைச்சாங்க. லேஅவுட் இல்லாம எவ்வளவு தூரம் கணக்கு போட முடியுமோ அதுவரைக்கும் கம்ப்யூட்டட், லேஅவுட் ஓடினப்புறம் கிடைக்கிறது யூஸ்டு. புது அர்த்தப்படி பாத்தா அந்த 50%ஓட கம்ப்யூட்டட் வேல்யூ 50%தான், 400 பிக்சல் யூஸ்டு வேல்யூ.

சரி, ஃபங்ஷன் என்ன பண்ணும்? அது அர்த்தம் மாறிடுச்சேன்னு ராத்திரியோட ராத்திரியா 50%ன்னு திருப்பிக் குடுத்தா உலகத்துல பாதி ஸ்கிரிப்ட் உடைஞ்சு போயிடும். அதனால பழையபடி பிக்சலே குடுத்துக்கிட்டு இருக்கு, பேரு மட்டும் அப்படியே நின்னுபோச்சு. இதுக்கு ஒரு சமாதானம் வேணும்ல, பின்னாடி வந்த சிஎஸ்எஸ் ஆப்ஜெக்ட் மாடல் ஸ்பெக்ல ரிசால்வ்டு வேல்யூன்னு புதுசா ஒரு பேரக் கொண்டு வந்து, அந்த ஃபங்ஷன் குடுக்கறது இதுதான்னு எழுதி வச்சாங்க, சில பண்புக்கு (ப்ராப்பர்ட்டிக்கு) யூஸ்டு, மிச்சத்துக்கு கம்ப்யூட்டட், எதுக்கு எதுன்னு ஒரு பட்டியல். ஏன் இப்படின்னா பழைய ஸ்கிரிப்டுகளுக்காகன்னு அந்த ஸ்பெக்லயே குறிப்பு இருக்கு, ஒளிச்சு மறைச்சு பண்ணல.

டெவ்டூல்ஸும், அதாவது இன்ஸ்பெக்ட் குடுத்தா திறக்கற கருவியும், இதே வழியில வந்ததுதான். ஜோ ஹியூவிட் 2006 ஜனவரில ஃபயர்பாக்ஸுக்கு விட்ட ஃபயர்பக்ங்கிற கருவில இருந்து இன்னைக்கு இருக்கிற குரோம் வரைக்கும் எல்லாம் பழைய பேரைத்தான் எடுத்துக்கிச்சு, அதனால டேப் மேல கம்ப்யூட்டட்னு எழுதியிருக்கு, உள்ள இருக்கறது ரிசால்வ்டு. போர்டுல ஒரு பேரு, கடைக்குள்ள வேற சரக்கு.

இது வெறும் வார்த்தை விளையாட்டுன்னா நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன், நடைமுறையில இது கால வாரிவிடற ஒரு இடம் இருக்கு, லைன் ஹைட், அதாவது வரி உயரம். ஃபான்ட் சைஸ் 16 பிக்சல் இருக்கிற ஒரு பெட்டிக்கு லைன் ஹைட் 1.5னு எழுதுங்க, கம்ப்யூட்டட் டேப்ல பாத்தா 24 பிக்சல்னு வரும். இப்ப அத 150%ன்னு மாத்துங்க, அப்பவும் 24 பிக்சல்தான். ரெண்டும் ஒண்ணுதான்னு டேப் சத்தியம் பண்ணும். இப்ப உள்ள ஒரு தலைப்ப போட்டு அதுக்கு ஃபான்ட் சைஸ் 32 பிக்சல் குடுங்க, லைன் ஹைட் தனியா எதுவும் குடுக்காதீங்க. வெளிய 1.5னு எழுதியிருந்தா தலைப்போட வரி உயரம் 48 பிக்சல், நல்லா மூச்சு விட்டு உக்காரும். 150%ன்னு எழுதியிருந்தா தலைப்புக்கும் அதே 24 பிக்சல்தான், 32 பிக்சல் எழுத்து 24 பிக்சல் வரிக்குள்ள எப்படி அடங்கும், தலைப்பு ரெண்டு வரிக்கு ஓடினா மேல்வரியில இருக்கிற மு, கூ எல்லாம் காலை நீட்டி கீழ்வரியில இருக்கிற கீ, வி மேல்விலங்கு மேலயே ஏறி நிக்கும். காரணம் என்னன்னா, உண்மையான கம்ப்யூட்டட் வேல்யூ முதல் கேஸ்ல 1.5ங்கிற வெறும் எண், ரெண்டாவது கேஸ்ல 24 பிக்சல், பிள்ளைக்குப் போறது அந்த கம்ப்யூட்டட்தான், டேப்ல தெரியறது இல்ல. எழுதினது எண்ணா சதவீதமான்னு பாக்கணும்னா குரோம்ல அந்த வரி பக்கத்துல இருக்கிற அம்புக்குறிய அமுக்குங்க, எந்த ஃபைல்ல என்னன்னு எழுதியிருக்கு, எந்த ரூல் தோத்துப்போய் கோடு வாங்கியிருக்குன்னு விரிச்சுக் காட்டும். என்னைக் கேட்டா அந்த டேபோட உண்மையான மதிப்பே அந்த அம்புக்குறிதான்.

இன்னொரு சோதனை, ரொம்ப சின்னது. அந்த 400 பிக்சல் பெட்டிக்கு டிஸ்ப்ளே நன் போட்டு மறைச்சுட்டு டேபைப் பாருங்க, விட்த் 50%ன்னு மாறியிருக்கும். பெட்டியே இல்லன்னா லேஅவுட் இல்ல, லேஅவுட் இல்லன்னா யூஸ்டு இல்ல, வேற வழியில்லாம நெஜ கம்ப்யூட்டட் வெளிய வந்துடுது. அதே மாதிரி ஸ்பேன் மாதிரி வரிக்குள்ளயே எழுத்தோட ஓடற இன்லைன் எலிமென்ட்டுக்கு விட்த் ஆட்டோன்னுதான் காட்டும், அதுக்கு விட்த்தே பொருந்தாது. ஆனா அந்த ஸ்பேனுக்கு ஃப்ளோட் லெஃப்ட் குடுத்து இடது ஓரம் ஒதுக்கினா டிஸ்ப்ளே தானா பிளாக்னு (தனிப் பெட்டியா) மாறி நிக்கும், நீங்க எழுதவே இல்லையேன்னு பயப்படாதீங்க, இது சுத்தமான கம்ப்யூட்டட்.

டேப் சொல்லாம விடறதும் கொஞ்சம் இருக்கு. டிரான்ஸ்ஃபார்ம்ல ரெண்டு மடங்கு பெருசாக்கினாலும் விட்த் 400தான் சொல்லும், திரையில 800 தெரியும். விசிட்டட், அதாவது ஏற்கனவே போய்ப் பாத்த, லிங்க்கோட கலரக் கேட்டா ஸ்கிரிப்டுக்கு கிடைக்கிறது வேணும்னே சொல்ற பொய், போகாத லிங்க்கோட கலரத்தான் தரும், இல்லன்னா நீங்க எந்தெந்த சைட்டுக்குப் போனீங்கன்னு கலர வச்சே கண்டுபிடிச்சிடுவாங்க. மொசில்லால இருந்த டேவிட் பேரன் 2010ல இந்த ஓட்டைய அடைக்கிற வழிய சொன்னாரு, மத்த பிரவுசர்களும் அதே வழிக்குப் போயிட்டாங்க.

நம்ம ஆளுங்க அடிக்கடி மாட்டறது ஃபான்ட் ஃபேமிலிலதான். ரோபோட்டோ, சான்ஸ் செரிஃப்னு எழுதியிருந்தா கம்ப்யூட்டட்ல அதே பட்டியல்தான் நிக்கும், ஆனா ரோபோட்டோல தமிழ் எழுத்தே கிடையாது, விண்டோஸ்ல பாக்கறவருக்கு நிர்மலாவோ லதாவோ வரும், ஆண்ட்ராய்டுல நோட்டோ சான்ஸ் தமிழ், மேக்ல தமிழ் சங்கம். ஒருத்தர் திரையில அழகா தெரியறது இன்னொருத்தர் திரையில தடிச்சுப்போய் தெரியுதுன்னா, ஃபான்ட் ஃபேமிலி வரிய உத்துப் பாத்துட்டு இருக்காதீங்க, குரோம்ல கம்ப்யூட்டட் டேபோட அடியில ரெண்டர்டு ஃபான்ட்ஸ்னு ஒரு பகுதி இருக்கும், ஃபயர்பாக்ஸ்ல ஃபான்ட்ஸ்னு தனி டேபே இருக்கு, எந்த ஃபான்ட் நெஜமா வேலை செய்யுதுன்னு அங்கதான் தெரியும்.

இனி தமிழ்ல என்ன சொல்றதுங்கிற பஞ்சாயத்து. கணிக்கப்பட்ட பாணின்னு நேரா மாத்தலாம், ஆனா எனக்கு அந்த படு விகுதியே பிடிக்கல, சுட்ட வடைய சுடப்பட்ட வடைன்னு யாராவது சொல்வாங்களா, கணித்தன்னு சொன்னாலே போதும். பாணியும் வேண்டாம்னு நெனைக்கிறேன், ஏன்னா இங்க பேச்சு ஒவ்வொரு பண்புக்கும் கிடைக்கிற வேல்யூ பத்தி, அதுக்கு மதிப்புன்னு நல்ல சொல் இருக்கு. கணித்த மதிப்பு. இதுக்கு ஒரு ஆட்சேபம் வரும், கணிக்கறதுன்னா பேச்சுவழக்குல ஜாதகம் கணிக்கறது, மழை வரும்னு கணிக்கறது, ஒரு குத்துமதிப்பு வாடை அடிக்குதேன்னு. ஆனா சிஎஸ்எஸ் 2.1 அர்த்தத்துக்கு அந்த வாடைதான் சரியா பொருந்துது, பக்கத்த அடுக்கிப் பாக்காமலே கையில இருக்கற தகவல வச்சு போடற கணக்குதானே அது.

அப்ப டேப்ல தெரியற ரிசால்வ்டுக்கு? தீர்த்த மதிப்புன்னு போட்டா தகராறு தீர்த்து வச்ச மாதிரி இருக்கு. என் ஓட்டு தேறிய மதிப்புக்கு. இந்த வியாபாரத்துல எவ்வளவு தேறும்னு கேக்கறோம்ல, எல்லாம் போக கையில நிக்கிறது, அந்தத் தேறல்தான். இலங்கையில கணக்கியல் படிச்சவங்களுக்கு இது புதுசே இல்ல, நாம நிகர லாபம்ங்கறத அவங்க தேறிய இலாபம்னுதான் பாடப்புத்தகத்துலயே எழுதறாங்க. மத்ததுக்கெல்லாம் பெருசா மண்டைய உடைக்க வேண்டாம், ஸ்பெசிஃபைடு குறித்த மதிப்பு, யூஸ்டு பயன்பட்ட மதிப்பு, ஆக்சுவல் மெய் மதிப்பு.

நெஜமாவே கணித்த மதிப்புதான் வேணும்னா அதுக்கும் இப்ப வழி இருக்கு, 2018ல குரோம் 66ல வந்த கம்ப்யூட்டட்ஸ்டைல்மேப்ங்கிற ஃபங்ஷன்கிட்ட கேட்டா 400 பிக்சல்னு சொல்லாம 50%ன்னே சொல்லும். டீம்ல பேசறப்ப இப்படிச் சொல்லிப் பாருங்க: "விட்த் தேறினது 400 பிக்சல், கணிச்சது 50%, ரெஸ்பான்சிவ்தான், கைய வைக்காதீங்க."