துளை போடாமல் ஒரு கோபுரத்தைக் கண்காணிப்பது எப்படி?

இத்தாலியின் வடக்கே, திரெண்டோ நகரக் கோட்டையின் ஓரத்தில் 31 மீட்டர் உயரக் கல் கோபுரம் ஒன்று இருக்கிறது. பெயர் தோர்ரே அக்விலா. உள்ளே 1400ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய சுவரோவியங்கள், மாதத்துக்கு ஒன்றாக. ஜனவரியில் சீமான்களும் சீமாட்டிகளும் பனி உருண்டைகளை வீசி விளையாடுகிறார்கள். மார்ச் மட்டும் அழிந்துபோயிற்று, மிச்சம் பதினொன்று.

பக்கத்தில் சாலைச் சுரங்கம் தோண்டும் திட்டம் வந்ததும், அதிர்வைச் சுவர் தாங்குமா என்ற கவலையும் வந்தது. அளந்து பார்க்கலாம்தான். ஆனால் ஓவியம் இருக்கிற சுவரில் துளை போட்டு வயர் இழுக்க யார் விடுவார்கள்? அதனால் 2008இல் திரெண்டோ பல்கலைக்கழகத்தினர் வயர்லெஸ் சென்சார்களை வைத்தார்கள். சிறு பெட்டிகள், பேட்டரியில் ஓடுபவை. சில வெப்பநிலையைப் பார்க்கும், சில அதிர்வை, சில சுவரின் அசைவை. தடித்த கல்சுவரை ரேடியோ அலை எளிதில் தாண்டாது. எனவே ஒரு பெட்டி தன் தகவலை அடுத்ததற்குக் கொடுக்க, அது அதற்கடுத்ததற்குக் கொடுக்க, கடைசியில் கணினிக்குப் போய்ச் சேரும்.

சரி, இதில் கஷ்டம் எங்கே? அளப்பதில் இல்லை, பேசுவதில். இத்தகைய பெட்டிகளில் வழக்கமாக இருக்கும் ரேடியோ சில்லு விழித்திருக்கும்போது சுமார் 20 மில்லிஆம்பியர் இழுக்கும். 2,500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 125 மணி நேரத்தில், அதாவது ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அனுப்புவதைவிடச் சும்மா காத்திருந்து கேட்பதற்குக் கொஞ்சம் அதிகமாகவே மின்சாரம் செலவாகிற சில்லுகளும் உண்டு. அதனால் ரேடியோவைப் பெரும்பாலும் அணைத்தே வைக்கிறார்கள். அவ்வப்போது ஒரு கணம் விழித்து, யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கும். கூப்பிடுகிற பெட்டி, மற்றது விழிக்கும்வரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

வெப்பநிலைக்கு இது தாராளம்: பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் நாளுக்கு 144 எண்கள். அதிர்வு அப்படியில்லை. மூன்று திசைகளிலும் நொடிக்கு 200 முறை அளந்தால் ஒரே நிமிடத்தில் 36,000 எண்கள். 250 நாள் வெப்பநிலைப் பதிவுக்குச் சமம். உடனுக்குடன் அனுப்ப வழியில்லை. பெட்டியின் நினைவகத்தில் சேமித்து, சுருக்கி, பிறகுதான் அனுப்ப வேண்டும். அப்புறம் கடிகாரச் சிக்கல் வேறு. மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் நாளுக்கு ஒன்றரை நொடிகூடப் பிசகலாம். உச்சியும் அடித்தளமும் ஒரே நேரத்தில் எப்படி ஆடுகின்றன என்பதுதான் கேள்வி; இந்தப் பிசகில் அந்தக் கேள்வியே அர்த்தமிழந்துவிடும். ஆகவே பெட்டிகள் அடிக்கடி தங்களுக்குள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கின்றன.

இவ்வளவு பாடுபட்டு வருகிற எண்களையும் அப்படியே நம்ப முடியாது. கல் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். விரிசலும் அதோடு சேர்ந்து அகன்று குறுகும். எந்தத் தவறும் நடக்காமலே மானி அசைவைக் காட்டும். எவ்வளவு வெப்பத்துக்கு எவ்வளவு அசைவு என்பதை முதலில் பல மாதப் பதிவிலிருந்து கணக்கிட்டு, அதைக் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் அளவு ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான்.